அளவு ஜாக்கெட்

பாட்டியா? யாரைப் பாத்துப் பாட்டிங்கிறே? நீ உக்காரு தாயி. உக்காருங்கிறேன்ல. இடம் கேட்டு நான் உன் பக்கத்துல வந்து நிக்கலை. கையைத் தூக்குறதுக்கு எந்தச் சந்தர்ப்பம் கிடைச்சாலும் விடாதீங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காக. பஸ்சுல மேல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வர்றது மட்டும் என் சொந்த யோசனை. பிரேக்குப் போட்டா தோள் என்னத்துக்கு ஆகும்னு அந்தப் பிசியோதெரபிப் பொண்ணு கேட்டாத் திட்டும். அதுக்குத் தெரிஞ்சாத்தானே. வத்தலக்குண்டுல ஏறுறப்பவே பின்னாடி ரெண்டு சீட்டு காலியாத்தான் கிடந்துச்சு. கண்டக்டர் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. பாத்தாப் பாத்துட்டுப் போறாரு.

அம்பத்தேழு வயசு ஆகுது எனக்கு. பேரன் ஒருத்தன் இருக்கான், அவன் கூப்பிடலாம் பாட்டின்னு. நீ டீச்சர்னு கூப்பிடு. ஊரே அப்படித்தான் கூப்பிடும், விசாலாட்சி டீச்சர்னு. பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை, பால்வாடி டீச்சர். இப்ப அங்கன்வாடிங்கிறாக. பேரு எதுவா இருந்தா என்ன, மூக்கு ஒழுகுறது எல்லாப் புள்ளைக்கும் ஒரே மாதிரிதான் ஒழுகுது.

இருபத்தஞ்சு வருஷமா நான் என்ன வேலை பாத்தேன்னு சொல்லு பாப்போம். பாட்டுச் சொல்லிக்குடுக்கிறது, சத்துமாவு குடுக்கிறது, அதெல்லாம் இருக்கட்டும். மாசாமாசம் எடை போடுறது இருக்கு பாரு, அதுதான் பெரிய வேலை. உத்தரத்துலருந்து தராசு தொங்கும். புள்ளையை ஒரு துணிப்பையில உக்காத்தி, ரெண்டு கையாலயும் தூக்கி, கொக்கியில மாட்டணும். அது காலை உதைக்கும், கத்தும், மேல ஒண்ணுக்குப் போகும். முள்ளு நிக்கிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அப்பறம் அட்டையில புள்ளி வைக்கணும். பச்சைக் கோட்டுக்குள்ள இருந்தா நல்லது, மஞ்சளுக்கு வந்தா அம்மாக்காரியைக் கூப்பிட்டுப் பேசணும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், சுவர் இருந்தாத்தான்டி சித்திரம், உடம்பை மறைச்சு என்ன ஆகப்போகுது, எடையைப் பாத்து எதுக்குப் பயப்படுறேன்னு!

அந்தத் தராசுக்குப் பக்கத்துலயே பெரியாளு ஏறி நிக்கிற மெஷின் ஒண்ணும் இருக்கு, மாசமா இருக்கிற பொண்ணுகளுக்கு. அதுல நான் ஒருநாள் ஏறினதில்லை. எங்க சென்டர்ல ஆயா வேலை பாக்கிற கருப்பாயி, ஊருக்குத்தான் உபதேசம்னு ஒருதடவை முணுமுணுத்தா. நேரம் எங்க இருக்கு ஏறி நிக்கிறதுக்குன்னு சொன்னேன். நிஜமாவே நேரமில்லை. ஏறி நிக்க ஒரு நிமிஷம்தான் ஆகும்ங்கிறது வேற விசயம்.

நீ ரெடிமேட் போடுற பொண்ணு, உனக்கு இதைச் சொன்னாப் புரியுமோ என்னமோ. அளவு ஜாக்கெட்டுன்னா தெரியுமா? உங்க அம்மாவைக் கேளு, சொல்லுவாக. டெய்லர்கிட்டப் போயி உடம்புக்கு டேப் வச்சு அளவெடுக்கக் குடுக்கிறது எங்க பக்கம் வழக்கமில்லை. நமக்குப் பொருந்துற மாதிரி ஒரு ஜாக்கெட் அமைஞ்சிருச்சுன்னா அதைப் பத்திரமா வச்சுக்கணும். புதுத்துணி தைக்கக் குடுக்கிறப்ப, இந்தா இதே அளவுன்னு அதையும் சேத்துப் பையில போட்டுக் குடுத்துறணும். கூடவே இன்னொண்ணும் சொல்லணும், உள்ள மூணு தையல் போடுன்னு. ஓரத்துல துணியை மிச்சம் விட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு வரிசை தைப்பாக. உடம்பு கொஞ்சம் கூடினா ஒரு தையலைப் பிரிச்சுக்கலாம். பிளேடு ஒண்ணு இருந்தாப் போதும், யாருக்கும் தெரியாது.

என் அளவு ஜாக்கெட் ராமர் பச்சை ரூபியாத்துணி. எங்க அத்தை, அதான் மாமியா, தீவாளிக்கு எடுத்துக் குடுத்தது. அந்த மகராசிக்கு ரெண்டு மருமக. நான் மூத்தவ, எனக்கு ஓரகத்தி சொர்ணம், கொழுந்தன் பொண்டாட்டி. ஒருத்திக்கு ஒரு நிறம் இன்னொருத்திக்கு ஒரு நிறம் எடுத்தாச் சண்டை வரும்னு ரெண்டு பேருக்கும் ஒரே பீசுல கிழிச்சுக் குடுத்துரும். ஒரே டெய்லர்கிட்டத் தச்சு, ஒரே கொடியில காயப்போட்டு, ஒரே இரும்புப் பெட்டியில மடிச்சு வைப்போம். கூட்டுக்குடும்பம்னா அப்படித்தான்.

அதுக்குப் பிறகு எனக்கு ரெண்டாவது மகன் பிறந்தான். அவன் பிறந்த ரெண்டாம் மாசம் அண்ணந்தம்பி தனித்தனியாப் போயிட்டாக. அத்தையே உக்காந்து சாமான் பூராத்தையும் ரெண்டாப் பிரிச்சுச்சு. குத்துவிளக்கு இவளுக்கு, அண்டா அவளுக்குன்னு ஒரு கரண்டிகூட மாறாமப் பிரிச்சுச்சு. துணிமணியையும் அதுவே ரெண்டு குவியலாப் போட்டுக் குடுத்துச்சு. புது வீட்டுக்கு வந்து நான் அந்தப் பச்சை ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பாக்கிறேன், கை முழங்கைக்கு மேல ஏறமாட்டேங்குது! மூச்சைப் பிடிச்சு ஏத்தினா, கொக்கி ஒரு கரையில, ஓட்டை ஒரு கரையில.

அழுதேன். எனக்கு என்ன வெக்கம் சொல்றதுக்கு, உக்காந்து அழுதேன். புள்ளை பெத்தா உடம்பு இம்புட்டா ஊதும்? போன வருஷம் போட்ட ஜாக்கெட்டு, இப்பப் பாதிகூட ஏறலையேன்னு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இந்த உடம்புக்குத் திரும்பப் போகாம விடுறதில்லைன்னு. அதை அளவு ஜாக்கெட்டா எடுத்து வச்சேன்.

இருபத்தேழு வருஷம். ஒவ்வொரு தடவையும் அதைத்தான் குடுப்பேன். தச்சு வரும், வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு மூணு தையல்ல உள் ரெண்டையும் பிரிச்சிருவேன். பிரிச்சும் பத்தாது. அக்குள்ல ஒரு துண்டுத் துணி வச்சு நானே ஒட்டுப்போட்டுக்குவேன். சேலைத் தலைப்பை வலது தோளையும் சுத்திப் போத்திக்குவேன். டீச்சர் எம்புட்டு அடக்கம்னு சொல்லுவாக. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுக்கிட்டு இருந்தேன்னு எனக்குத்தானே தெரியும்.

ஆனா டெய்லரைச் சும்மா விடமாட்டேன். வாங்கின மறுநாளே போயி நிப்பேன். ஏன்யா, அளவு குடுத்தும் இறுக்கிப் பிடிச்சுத் தச்சிருக்கியே, மிச்சத் துணியை என்ன பண்ணினேன்னு கேப்பேன். அவுக அளவு ஜாக்கெட்டையும் புது ஜாக்கெட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு விரிச்சுக் காமிப்பாக. இம்மி பிசகாம இருக்கும். அதுக்கென்ன, துணியைத் தண்ணியில நனைக்காமத் தச்சிட்டே, சுருங்கிருச்சும்பேன். எட்டு டெய்லர் மாத்தியிருக்கேன். ஒருத்தனுக்கும் கை சரியில்லை. இப்பவும் சொல்றேன், அதுல ரெண்டு பேரு நிச்சயமா துணி திருடினவுகதான்.

போன வருஷம் ஆடி மாசத்துலருந்து இந்த வலது கை மக்கர் பண்ண ஆரம்பிச்சுச்சு. முதல்ல தலை சீவ முடியலை. இடது கையால சீவினேன். அப்பறம் முதுகுப்பக்கம் கை போகலை, அலமாரி மேல்தட்டுக்கு எட்டலை. கேட்டவுககிட்ட ஜாக்கெட்டு அக்குளைப் பிடிக்குதுன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன். புது டெய்லரு ரெஜினான்னு ஒருத்தி, சர்ச்சுக்கு எதுத்தாப்புல கடை, அவ தச்சதுதான் காரணம்னு அவளையும் போயி ரெண்டு பேச்சுப் பேசிட்டு வந்தேன். கை ஒவ்வொரு மாசமா இறங்கிக்கிட்டே வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் கேக்கலை, அவுக எதையுமே கேக்கிற ஆளில்லை. தலையணைக்குப் பக்கத்துல தைல டப்பாவைக் கொண்டாந்து வச்சாக. தீந்துபோனா வேற டப்பா வரும். பேச்சு வராது. மின்சார வாரியத்துல லைன்மேனா இருந்தவுக, கம்பத்து மேலயே இருந்து பேச்சு மறந்துபோச்சோ என்னமோ.

மாசி மாசம் எடை போடுற நாளு. சக்திவேலு மக, எட்டு மாசக் குழந்தை, நல்லாக் கொழுக்குமொழுக்குன்னு இருக்கும். பையில உக்காத்தித் தூக்குறேன், கொக்கி எட்டுற இடத்துல என் வலது கை நின்னுபோச்சு. தூக்குறேன், போகலை. எட்டிப் பிடிக்கலாம்னு வெட்டி இழுத்தேன். தோளுக்குள்ள பளீர்னு ஒரு வலி, கை தன்னால விட்டிருச்சு. கருப்பாயி பாஞ்சு பிடிக்கலைன்னா அந்தப் புள்ளை சிமெண்டுத் தரையில தலைகுப்புற விழுந்திருக்கும்.

ஒண்ணும் ஆகலை. புள்ளை சிரிச்சுச்சு. அதோட அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டலை, புள்ளையை வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டா, அம்புட்டுத்தான். ஆனா மத்த அம்மாக்காரிக எல்லாம் அவுகவுக புள்ளையைக் கொஞ்சம் பின்னால இழுத்துக்கிட்டாக. நான் பாத்தேன். ரிட்டயராக இன்னும் மூணு வருஷம் இருக்கு. அதைவிடு. புள்ளையைத் தூக்க முடியாத கையை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணுவேன்?

மறுநாளே இந்தா இதே பஸ்சுல திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தோள்பட்டை இறுகிப்போச்சுன்னாக. ரத்தத்தைப் பாத்துட்டு சக்கரையும் இருக்குன்னாக. பிசியோதெரபிக்கு அனுப்பினாக. அங்க ஒரு சின்னப் பொண்ணு, என் சின்ன மகன் வயசுகூட இருக்காது. கையைத் தூக்கச் சொன்னுச்சு. தூக்கினேன், இந்தா, இம்புட்டுத்தான் வந்துச்சு, இடுப்புக்குக் கொஞ்சம் மேல. அது என் ஜாக்கெட்டுக் கையை விரலால இழுத்துப் பாத்துச்சு. சதையில பதிஞ்சு செவந்து கிடக்கு, வளையம் மாதிரி. "அம்மா, இவ்வளவு இறுக்கமாப் போட்டா கையை எப்படி அசைப்பீங்க? அடுத்த வாரம் தொளதொளன்னு ஒரு ஜாக்கெட்டோ நைட்டியோ போட்டுட்டு வாங்க. இப்படியே விட்டா இந்தக் கை மேல போகவே போகாது" அப்படின்னுச்சு.

நைட்டி போட்டுக்கிட்டு நான் திண்டுக்கல் வரைக்கும் பஸ்சுல வரணுமாம். நல்லாருக்கா? எந்திரிச்சு வந்துட்டேன். அடுத்த வாரம் போகலை. அதுக்கடுத்த வாரமும் போகலை. கை போனாப் போகுதுன்னு ஒரு வீம்பு. உண்மையைச் சொல்லட்டுமா, வீம்பு இல்லை, பயம். தொளதொளன்னு ஒரு ஜாக்கெட் வேணும்னா டேப் வச்சு அளவெடுக்கணும். இன்னொருத்தி என்னைச் சுத்திக் கையைப் போட்டு, நம்பர் சொல்லி, நோட்டுல எழுதுவா. அதுக்கு நான் செத்துப்போவேன்னு தோணுச்சு.

நாலாவது வாரம் எடை போடுற நாளு மறுபடி வந்துச்சு. கருப்பாயிதான் எல்லாப் புள்ளையையும் தூக்கினா. நான் ஓரமா உக்காந்து புள்ளி வச்சேன். சக்திவேலு மக வந்தப்ப, அதோட அம்மா என்னைப் பாத்துட்டு, நீங்க உக்காருங்க டீச்சர்னா. நல்ல மனசோடதான் சொன்னா. எனக்கு அந்த வார்த்தை தாங்கலை. அன்னைக்குச் சாயங்காலமே ரெஜினா கடைக்குப் போயி, எடுடி டேப்பைன்னேன்.

அவ சந்தேகமாப் பாத்தா. இப்பத்தானே வந்து திட்டிட்டுப் போனாக இந்தம்மான்னு. திரைக்கு உள்ள கூட்டிட்டுப் போயி அளவெடுத்தா. மார்பு நாப்பத்திநாலு. கை சுத்தளவு பதினஞ்சு. என்னப்பா, முன் சீட்டுக்காரரே, எதுக்குத் திரும்பிப் பாக்கிறீரு? நீரு பேன்ட்டுத் தைக்கக் குடுக்கிறப்ப இடுப்பளவு சொல்றதில்லையா? அது மாதிரிதான். திரும்பிக்கிரும்.

எழுதி முடிச்சுட்டு, பழக்கத்துல நான் கொண்டுபோன அந்தப் பச்சை ஜாக்கெட்டை எடுத்தா. மேசையில விரிச்சா. டேப்பை வச்சா. இன்னொருதடவை வச்சா. உள்பக்கமாத் திருப்பிப் பாத்தா.

"டீச்சர், தப்பா நினைக்காதீக. இது உங்க ஜாக்கெட்டே இல்லை."

"என்னடி உளர்றே? இருபத்தேழு வருஷமா என் பீரோவுல இருக்கு."

"இருக்கலாம் டீச்சர். ஆளு குண்டானா மார்பு கூடும், இடுப்பு கூடும், கை கூடும். தோளெலும்பு கூடுமா? உங்க தோள் அகலம் பதினஞ்சரை. இதுல பதிமூணுதான் இருக்கு. முதுகு நீளமும் ரெண்டு இஞ்சு கம்மி. இதைப் போட்டவ உங்களைவிட ரொம்பச் சின்ன ஆளு. நீங்க எந்தக் காலத்துலயும் இதுக்குள்ள நுழைஞ்சிருக்க முடியாது."

நான் ஜாக்கெட்டை வெடுக்குன்னு பிடுங்கினேன். அவளும் விடாம, "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம், எட்டு டெய்லரையும் திட்டினீகளே"ன்னு சிரிக்கிறா. சிரிச்சுட்டுப் போறா. எனக்குள்ள அந்த இரும்புப் பெட்டி திறந்துக்கிச்சு. ஒரே பீசு. ஒரே டெய்லரு. ஒரே கொடி. அத்தை போட்ட ரெண்டு குவியல். அண்டா மாறலை, கரண்டி மாறலை, ஜாக்கெட்டு மாறிப்போச்சு!

ஞாயித்துக்கிழமை விடியக்காலமே சொர்ணம் வீட்டுக்கு நிலக்கோட்டைக்குப் போனேன். எனக்கும் அவளுக்கும் ஒரு சண்டையும் கிடையாது. ஆனா போகமாட்டேன். கல்யாண வீட்டுல பாத்தாக்கூட ரெண்டு வார்த்தைதான். அவ ஈர்க்குச்சி மாதிரி அப்படியே இருப்பா, எனக்குப் பாக்கப் பிடிக்காது. இது பொறாமை இல்லை. பிடிக்காது, அம்புட்டுத்தான்.

"உன் அளவு ஜாக்கெட்டைக் கொண்டாடி"ன்னேன், வாசல்ல நின்னுக்கிட்டே. அவ முழிக்கிறா. கொண்டாந்தா. ராமர் பச்சை. நிறம் போயி, அதே துணி, அதே கொக்கி. பக்கத்துல நான் கொண்டுபோனதை வச்சேன். அதுக்குள்ள இது முழுசா உக்காந்துக்கும்.

அவ திண்டாட்டம் வேற மாதிரி. சாமானைப் பிரிச்ச அந்த வருஷம் அவளுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. எந்திரிச்சு ஜாக்கெட்டைப் போட்டா தோள்லருந்து வழிஞ்சிருக்கு. காமாலை நம்மளை உருக்கிருச்சுன்னு அவளும் அழுதிருக்கா. அதுக்குப் பிறகு இருபத்தேழு வருஷமா உடம்பு தேறணும் தேறணும்னு லேகியம், பேரீச்சம்பழம், முட்டை. "எம்புட்டுத் தின்னும் அந்த ஜாக்கெட்டு நிறையலையேக்கா. உங்க கொழுந்தன் என்னைப் பாத்தாலே பாவம்னு நினைக்கிறாருன்னு எனக்கு ஒரு நினைப்பு"ங்கிறா. அவளும் தோள்ல ஊக்குக் குத்திக் குத்தி மறைச்சிருக்கா. நான் பிரிச்சு மறைச்சேன், அவ குத்தி மறைச்சா.

ரெண்டு பேரும் உள்ரூம்புல போயிக் கதவைச் சாத்திக்கிட்டு ஜாக்கெட்டை மாத்திப் போட்டோம். அவளுக்கு அவளுது அப்பத்தான் தச்சது மாதிரி பொருந்துச்சு. என்னுது எனக்கும் அப்படியே பொருந்துச்சு. கடைசி மூணு கொக்கி மட்டும் சேரலை, அது பழைய துணி, சுருங்கியிருக்கும். சொர்ணம் என்னைப் பாத்துச் சிரிச்சா, நான் அவளைப் பாத்துச் சிரிச்சேன், அப்பறம் ரெண்டு பேரும் கட்டில்ல உக்காந்து அழுதோம். "ஒண்ணு சொல்லட்டாக்கா, தொளதொளன்னு இருந்தாலும் உங்க ஜாக்கெட்டுல நான் நல்லா மூச்சு விட்டேன்"னா. எனக்கு அதைக் கேட்டு வயிறெரிஞ்சுச்சு. என் மூச்சையும் சேத்துல்ல அவ விட்டிருக்கா!

யோசிச்சுப் பாரு தாயி. என்கிட்ட இல்லவே இல்லாத ஒரு உடம்பை நான் தொலைச்சுட்டேன்னு இருபத்தேழு வருஷம் துக்கம் கொண்டாடியிருக்கேன். அது சொர்ணத்தோட உடம்பு. என் உடம்பு பாவம், ரெண்டு புள்ளையைப் பெத்து, ஊர்ப் புள்ளைகளைப் பூராத் தூக்கித் தூக்கிக் கொக்கியில மாட்டிக்கிட்டு, என் வசவையும் வாங்கிக்கிட்டுக் கிடந்திருக்கு. ஒருநாள் நான் அதைப் பாத்து நல்லாருக்கியான்னு கேட்டதில்லை.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். ரெஜினா தச்ச தொளதொள ஜாக்கெட்டு. பாரு, இதான். தலைப்பை எல்லாம் போத்தலை. அந்தப் பொண்ணு என் மேல்கையைப் பிடிச்சுத் தேய்ச்சுவிட்டப்ப முதல்ல கூசுச்சு. பிறகு சரியாப்போச்சு. இப்ப தினமும் காலையில சென்டர்ல புள்ளைக வர்றதுக்கு முன்னாடி, செவுத்துல விரலாலயே நடந்து கையை மேல ஏத்துறேன். எங்க வரைக்கும் போகுதோ அங்க பென்சில்ல ஒரு கோடு. புள்ளைகளுக்கு வளர்ச்சி அட்டை இருக்குல்ல, எனக்குச் செவுரு. சாயங்காலம் கண்மாய்க் கரையில நடக்கிறேன். சேலையும் ஷூவும்தான். முக்குக்கடையில உக்காந்திருக்கிறவுக, டீச்சர் போலீசுல சேந்திருச்சான்னு கேட்டாக. ஆமா, முதல் கேசு உங்க தொப்பைதான்னேன். பசிச்சா எல்லாருக்கும் முன்னாடியே சாப்பிட்டுருவேன். சக்கரை மாத்திரை போட்டா நேரத்துக்குச் சாப்பிடணும், மருமக கடைசியாத்தான் சாப்பிடணும்ங்கிற மாமியார் காலத்து முறையைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. மெஷின்லயும் ஏறினேன். அம்மாக்காரிக அம்புட்டுப் பேரு முன்னாடியும். எழுபத்தெட்டு கிலோ. எழுதிக்கடி கருப்பாயின்னு சத்தமாச் சொன்னேன். மெலியணும்னு அந்தப் பொண்ணு கொஞ்சம் சொல்லுது. மெலிஞ்சா மெலியுறேன். ஆனா எனக்காக மெலிவேன், இன்னொருத்தி ஜாக்கெட்டுக்காக மெலியமாட்டேன்.

கை முழுசா வரலை. இந்தா பாக்கிறேல்ல, கம்பியை எட்டிப் பிடிச்சிருக்கேன், ஆனா முழங்கை மடங்கித்தான் இருக்கு. இதுக்கு மேல வராமயும் போகலாம்னு சொல்லிட்டாக. வராட்டிப் போகுது. போன வாரம் சக்திவேலு மகளை நான்தான் தூக்கி மாட்டினேன். கருப்பாயி கீழ கையை ஏந்திக்கிட்டு நின்னா, நிக்கட்டும்னு விட்டுட்டேன். எட்டு கிலோ நானூறு. பச்சைக் கோடு.

இதெல்லாம் சரி. நான் இன்னைக்கு உன்கிட்ட இம்புட்டுப் பேசுறதுக்குக் காரணம் வேற. வீட்டுல நாலு மாசமா எங்க வீட்டுக்காரருகிட்ட நான் சரியாப் பேசுறதில்லை. நிலக்கோட்டையிலருந்து வந்த அன்னைக்கு அவுக தோசை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. நான் மூச்சுவிடாம எல்லாத்தையும் சொல்றேன், ஜாக்கெட்டு மாறினது, சொர்ணம் அழுதது, நான் அழுதது. அவுக தோசையைப் பிச்சுக்கிட்டே, "அது உன்னுது இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியுமே"ங்கிறாக.

"என்னது? அது சொர்ணம் ஜாக்கெட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"ன்னு சண்டைக்குப் போனேன். கேக்கணுமா இல்லையா? கொழுந்தன் பொண்டாட்டி ஜாக்கெட்டு!

"அவளுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? உன்னுது இல்லைன்னு தெரியும். உன் உடம்பு எனக்குத் தெரியாதா? நீ கல்யாணத்தன்னைக்கே இப்படித்தான் இருந்தே, நல்லா விரிஞ்ச தோளா. உனக்குன்னு ஏதோ ஒரு ஆசை, ஒரு சின்ன ஜாக்கெட்டை வச்சுப் பூட்டியிருக்கேன்னு நினைச்சேன். அதுல போயி நான் என்னத்தைக் கேக்க?"ன்னாக. சொல்லிட்டு இன்னொரு தோசை கேட்டாக.

போடலை. நீங்களே சுட்டுக்கங்கன்னுட்டேன். என் உடம்பு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு, அவருக்கு வாய் இல்லை. எனக்கு வாய் இருக்கு, என் உடம்பு எனக்குத் தெரியலை. இருபத்தேழு வருஷம், தாயி. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா!

இந்தா, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்திருச்சு. கண்டக்டர், ஆள் இறங்குது. ஏப்பா தம்பிகளா, வழியில நிக்காம நகருங்க. இன்னும் கொஞ்சம் நகருங்க, இந்த இடம் பத்தாது. நான் எதையும் சுருக்கிக்கிட்டு இறங்கமாட்டேன். நான் இம்புட்டு அகலம்தான்.